அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டை மேஜைமேல் கொண்டு வருவது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் மேற்கு மாம்பலத்தில் உங்கள் அப்பா வைத்திருந்தது இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வெளிர் நீல உடம்பு, வெள்ளைக் கூரை. பின் சீட்டில் அக்காவோடு ஜன்னலுக்குச் சண்டை போட்டது இன்னும் நினைவிருக்கிறது. அந்த வண்டியை ஸ்கேல் மாடலாகச் செய்து வீட்டில் வைக்க ஆசை, ஆனால் பாகம் பாகமாக வாங்கி ஒட்டுகிற கிட் ஒன்றைக்கூட இதுவரை ஒட்டியதில்லை. எங்கே தொடங்குவது, செலவு எப்படி, சென்னையிலேயே சாமான் கிடைக்குமா, பதினொரு வயதுப் பையனைச் சேர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் கிட் வாங்குவதற்கு முன்னால் ஒரு மாலை உட்கார்ந்து, அந்த வண்டியில் உங்களுக்கு எது நினைவிருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிற பெரும்பாலானவர்கள் நேராக இஞ்சின், சைலன்சர், சஸ்பென்ஷன் என்று வண்டிக்கு அடியில் போய் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள், கடைசியில் அழகான ஒரு கார் வருகிறது, ஆனால் அது அவர்கள் வீட்டுக் கார் இல்லை. ஆறு வயதில் நீங்கள் கார்புரேட்டரையா பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? முன் சீட்டின் முதுகு, ரெக்சின் தையல், ஸ்டீயரிங் மேல் அப்பாவின் கை, அம்மா பக்கத்துக் கதவில் கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடி, இதுதான் உங்கள் வண்டி. உழைப்பையும் பணத்தையும் அங்கே கொட்டுங்கள். மற்றது சுமாராக இருந்தால் போதும்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், மாடல் செய்யும்போது இது உதவும். ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் பெயரில் வந்தது, வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. அப்போதே பல கார்கள் உடம்பும் சட்டமும் ஒன்றாக இருக்கிற மாதிரி மாறிவிட்டிருந்தன, இது மட்டும் தனிச் சேஸிஸ் மேல் உடம்பைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டுகிற பழைய முறையில் இருந்தது. அதனால் உதிரியாகக் கொண்டுவந்து இன்னொரு ஊரில் பூட்டுவது சுலபம். நம் ஊரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி 1961 முதல் இதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தது, வண்டலூர் பக்கம் தொழிற்சாலை. பம்பாய்க்கு ஃபியட், கல்கத்தாவுக்கு அம்பாசடர் என்றால் மெட்ராஸுக்கு ஹெரால்டு. இஞ்சின் 948 சிசி. பின்னால் வந்த மார்க் 3-இல் நான்கு கதவு வைத்தார்கள், அந்த நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் கிடையவே கிடையாது. உங்களுடையது இரண்டு கதவு என்பது உங்கள் அதிர்ஷ்டம், ஏனென்று இப்போது தெரியும்.

ஏர்ஃபிக்ஸ் கம்பெனி ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு 1/32 அளவில், அதாவது நிஜ வண்டியில் முப்பத்திரண்டில் ஒரு பங்காக, பிளாஸ்டிக் கிட் போட்டிருக்கிறது. பழைய கிட், பின்னாளில் மறுபடியும் வெளியிட்டார்கள், அதனால் புதிதாகவோ யாராவது பிரிக்காமல் வைத்திருந்ததாகவோ தேடினால் அகப்படும். அதில் இரண்டு கதவு வண்டிதான், இங்கிலாந்துக் கார் என்பதால் ஸ்டீயரிங்கும் நமக்கு வேண்டிய வலது பக்கம். மாற்ற வேண்டியது பெயர்தான். ட்ரையம்ஃப் என்று எங்கெல்லாம் எழுத்து இருக்கிறதோ அதை வாட்டர் பேப்பர் போட்டு எடுத்துவிடுங்கள், நம் வண்டியில் ஸ்டாண்டர்டு என்றுதான் இருக்கும்.

அளவுக் கணக்கு இப்படி. உண்மையான ஹெரால்டு 3886 மி.மீ. நீளம், 1524 மி.மீ. அகலம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2324 மி.மீ. அப்படியானால் 1/43-இல் வண்டி 9 செ.மீ., 1/32-இல் 12 செ.மீ., 1/24-இல் 16 செ.மீ., 1/18-இல் 21 அல்லது 22 செ.மீ. வரும். 1/43-இல் வான்கார்ட்ஸ் கம்பெனி செய்த டைகாஸ்ட் (உலோகத்தில் வார்த்த, ஒட்ட வேண்டியிராத) ஹெரால்டு பழைய சரக்குச் சந்தையில் வரும், பெயின்டைக் கழற்றி உங்கள் கலர் அடித்துவிடலாம், ஆனால் உள்ளே சீட்டில் வேலை செய்ய இடமே இருக்காது. நீங்கள் கேட்பது பின் சீட்டு என்பதால் 1/32-க்குக் கீழே போகாதீர்கள். 1/24 தான் கைக்கு வசதியான அளவு, அதற்கு முப்பரிமாணக் கோப்பு கிடைத்தால் ரெசின் பிரிண்டரில் அடித்துத் தர சென்னையிலேயே ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் பிரிண்ட் செய்த உடம்பில் வரி வரியாகத் தெரிவதைத் தேய்த்து எடுப்பது முதல்முறை செய்பவருக்குப் பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஏர்ஃபிக்ஸோடு போங்கள் என்பது என் கருத்து.

ஆனால் அதை முதலில் தொடாதீர்கள். எந்த நினைவும் ஒட்டாத ஒரு காரை முதலில் செய்யுங்கள். டாமியாவின் 1/24 மினி கூப்பர் 1275எஸ் அல்லது 1966 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் நல்ல தேர்வு, இரண்டுமே பழைய உருண்டை உடம்பு, பாகங்கள் அளவாகப் பொருந்தும், அதில் கெட்டுப்போனால் மனசு கஷ்டப்படாது. அப்பா வண்டியின் கூரையில் பெயின்ட் ஒழுகினால் அப்படி இருக்காது. பையனையும் இந்த முதல் கிட்டிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாமான் விஷயத்தில் சென்னைக்காரருக்குப் பெரிய குறை இல்லை. கிட், மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட், மாடலுக்கான பெயின்ட் இவற்றை ஆன்லைனில் வாங்க வேண்டியிருக்கும், மற்றதெல்லாம் ஊரிலேயே உண்டு. பாரிமுனைப் பக்கம் சர்ஜிகல் கடையில் மூன்றாம் நம்பர் பிடியும் பதினொன்றாம் நம்பர் பிளேடும் கேளுங்கள், மாடல் கத்தி என்று விற்பதைவிடக் கூர்மை, விலையும் குறைவு. வாட்டர் பேப்பர் 400-இல் ஆரம்பித்து 2000 வரை ஹார்டுவேர் கடையிலும் ஆட்டோ பெயின்ட் கடையிலும் கிடைக்கும். ஹெட்லைட் எரிய வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் குட்டி எல்.இ.டி. வாங்கலாம், நான் அதைச் செய்ய மாட்டேன், ஆனால் அது என் ருசி.

ஒட்டுவதில் இரண்டே விஷயம். பிளாஸ்டிக் சிமென்ட் பசை மாதிரி வேலை செய்வதில்லை, அது பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்குகிறது. அதனால் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடிவிடும். அப்புறம், ஃபெவிக்விக்கைக் கண்ணாடிப் பாகங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். ஜன்னலுக்குச் சாதாரண ஃபெவிக்கால் போதும், காய்ந்ததும் நிறமில்லாமல் போய்விடும், வழிந்தால் ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

இனி பெயின்ட். சென்னையில் மாடல் செய்கிறவனுக்கு நிஜமான எதிரி இந்த ஊர்க் காற்றுதான். லாக்கர் வகைப் பெயின்டில் தின்னர் வேகமாக ஆவியாகும், ஆவியாகும்போது பரப்பு குளிரும், குளிர்ந்த பரப்பில் காற்றிலிருக்கும் ஈரம் படிந்து பெயின்ட் பால் மாதிரி வெளுத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பளபளப்பு வேண்டிய எதையும் அடிக்காதீர்கள், அந்த இரண்டு மாதமும் சீட்டு, டாஷ்போர்டு, சேஸிஸ் என்று உள்வேலையைப் பாருங்கள். வெயில் காலத்தில் கடல் காற்று வருவதற்கு முன்னால், காலை பத்து மணியிலிருந்து மதியம்வரை நல்ல நேரம், மேற்கிலிருந்து வருகிற வறண்ட காற்று அப்போது உங்கள் பக்கம். விடியற்காலை குளுகுளுவென்று இருக்கிறதே என்று அடிக்க உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வீர்கள், அந்த நேரத்தில்தான் ஈரப்பதம் அதிகம். மெதுவாகக் காயும் தின்னர் அல்லது ரிடார்டர் கொஞ்சம் சேர்த்தால் வெளுப்பது குறையும், ஏற்கெனவே வெளுத்திருந்தாலும் வறண்ட நாளில் அதே தின்னரை மெல்லிசாக ஒரு தடவை அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடிப்பது மொட்டை மாடியிலோ பால்கனியிலோ, காயவைப்பது ஏ.சி. அறையில் மூடிபோட்ட டப்பாவுக்குள். டப்பா ஏன் என்றால் தூசி, அதைவிட முக்கியமாகக் கொசு. ஈரப் பெயின்டில் வந்து உட்கார்ந்த கொசுவைக் கால் உடையாமல் எடுக்க முடிந்தவர் யாரும் எனக்குத் தெரியாது.

மாடலுக்கென்று வரும் அக்ரிலிக், லாக்கர் பெயின்டுகளே உங்களுக்குப் போதும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஆட்டோ பெயின்ட் கடைகளில் கேட்ட கலரைக் கலந்து தருவார்கள், அதுவும் நன்றாக வரும், ஆனால் ஹார்டனர் சேர்த்து அடிக்கிற இரண்டு பாகப் பெயின்டை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து, துணி மாஸ்க்கெல்லாம் அதற்குப் போதாது. சாதாரண லாக்கருக்கே கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேண்டும். பையன் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எந்த நீலம்? ஆல்பத்தில் கலர் போட்டோ இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம் என்று நினைத்தால், அந்தக் கால கலர் பிரிண்டுகள் பல வருடத்தில் சிவந்து போயிருக்கும், நீலம் முதலில் மங்கிவிடும். போட்டோவில் இருப்பது உங்கள் அப்பா வண்டியின் நீலம் இல்லை. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் நடத்துகிற பழைய கார் கண்காட்சிக்குப் போய் ஹெரால்டு ஏதாவது வந்திருந்தால் உரிமையாளரிடம் கேட்டுக் கதவு ஓரத்தில் ரப்பர் பீடிங்குக்கு அடியில், வெயில் படாத இடத்தில் பாருங்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவார்கள், பிரச்சினை என்னவென்றால் அப்புறம் விடமாட்டார்கள். நிஜக் கலர் கிடைத்தாலும் அப்படியே அடிக்காதீர்கள். பெரிய காரின் கலரைச் சின்ன மாடலில் அடித்தால் இருட்டாகத் தெரியும், ஒரு சொட்டு, இரண்டு சொட்டு வெள்ளை கலந்து ஸ்பூன் முதுகில் அடித்து, அக்காவிடம் காட்டுங்கள். இரண்டு பேரும் வேறு வேறு நீலம் சொன்னால் உங்களுடையதை வைத்துக்கொள்ளுங்கள், வேலை செய்வது நீங்கள்தானே.

அடிக்கும் வரிசை நம் டிங்கரிங் ஷெட் முறைதான். பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி எண்ணெய்ப் பசையை எடுங்கள், பள்ளம் இருந்தால் பட்டி பாருங்கள், தேய்த்து பிரைமர் போடுங்கள், மறுபடி தேயுங்கள். பிரைமருக்கு முன்னால் கதவுக் கோடுகளையும் பானட் கோட்டையும் கத்தி முனையால் கொஞ்சம் ஆழப்படுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாலு கோட்டிங் பெயின்டில் அவை நிரம்பி, கதவே இல்லாத சோப்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து, ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும், ஆகவே பானட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே மேலே கோடு வராது. கூரை வெள்ளையை முதலில் அடியுங்கள், நன்றாகக் காய்ந்தபின் அதற்கு மாஸ்கிங் டேப் ஒட்டி நீலம் அடியுங்கள். கடைசியில் ஒருவாரம் காயவிட்டு, 2000 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்துக் காம்பவுண்ட் போட்டால் போதும். ஷோரூம் பளபளப்பு வேண்டாம். எழுபதுகளில் மாம்பலம் தெருவில் நின்ற வண்டி எப்படி மின்னியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

உள்பக்கத்துக்கு வருவோம், நீங்கள் கேட்டதன் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஹெரால்டின் தூண்கள் மெல்லியவை, கண்ணாடி பெரியது, அதனால் மாடலிலும் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். கிட்டில் வரும் சீட்டு மொழுமொழுவென்று இருக்கும், அதை அப்படியே விடாதீர்கள். எபாக்ஸி பட்டியை மெல்லிசாக அப்பி, இறுகுவதற்குள் ஊசி முனையால் தையல் கோடு போடுங்கள், உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் அமுங்கிய பள்ளமும் வேண்டும். ஓரத்துப் பைப்பிங்குக்கு ஒரு இழைத் தையல் நூல். ரெக்சின் மேட்டாகவும் இருக்காது, முழுப் பளபளப்பும் இருக்காது, பாதிப் பளபளப்பு வார்னிஷ் அடித்து, ஆள் உட்காரும் இடத்தில் மட்டும் விரலால் தேய்த்துக் கொஞ்சம் மினுக்குங்கள். இரண்டு கதவு வண்டியில் பின்னால் ஏற முன் சீட்டை மடக்க வேண்டும், உங்கள் வீட்டில் எப்போதும் எந்தப் பக்கத்துச் சீட்டை மடக்கினார்கள்? அம்மா பக்கமாகத்தான் இருக்கும். அந்தச் சீட்டைத் தனியாக வைத்து, முன்னால் சாய்த்த நிலையில் ஒட்டி, அந்தக் கதவை மட்டும் வெட்டித் திறந்து வைத்தால் என்ன? 1/32-இல் கதவு வெட்டுவது நுணுக்கமான வேலை, கத்தி முதுகால் கோட்டின் மேலேயே பல தடவை இழுத்தால் பிரிந்து வந்துவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இஞ்சினை மறந்துவிட்டு இதைத்தான் செய்வேன்.

பிறகு டாஷ்போர்டில் பிள்ளையார் இருந்தாரா, முருகனா? சீட்டில் டர்க்கி டவல் போட்டிருந்ததா? பின் கண்ணாடிக்குக் கீழே குடை கிடந்ததா, கூரையில் கேரியர் இருந்ததா, முன்னால் எலுமிச்சம்பழம் கட்டியிருந்ததா? அம்மா இருந்தால் அம்மாவிடம், அக்காவிடம், பக்கத்து வீட்டில் அந்தக் காலத்து ஆள் யாராவது இருந்தால் அவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்ந்து உட்கார வைத்துக் கேட்டால் ஒருவர் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள்.

நம்பர் பிளேட்டில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இன்று இருக்கிற வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து அப்போது கிடையாது, சொந்தக் காருக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. எண்ணும் டி.என். 01 மாதிரி இருக்காது, மூன்று எழுத்து, அப்புறம் எண், எம்.ஜி.ஆர். அம்பாசடரின் டிஎம்எக்ஸ் 4777 மாதிரி. உங்கள் வண்டியின் எண் பழைய ஆர்.சி. புத்தகத்திலோ இன்சூரன்ஸ் காகிதத்திலோ இருக்கும். முக்கியமாக, அந்தப் பலகை பெயின்டர் பிரஷால் எழுதியது. கம்ப்யூட்டர் எழுத்துருவில் அடித்தால் உடனே போலி என்று தெரிந்துவிடும். பெரிதாக ஒரு காகிதத்தில் பிரஷால் எழுதி, ஸ்கேன் செய்து, சுருக்கி அச்சடியுங்கள். வீட்டுப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது, அதனால் வெள்ளைத் தாளில் பின்புலத்தைக் கறுப்பாக அடித்து எழுத்தை வெறுமையாக விட்டால் சரி. இந்த வேலையைப் பையனிடம் கொடுங்கள், தாத்தா வண்டி எண்ணை அவன் கையாலேயே எழுதட்டும்.

நிற்கும் தோரணை பற்றி ஒரு சின்ன விஷயம். ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஸ்விங் ஆக்ஸில் வகை, பாரத்துக்கு ஏற்பச் சாயும். வண்டி காலியாக இருந்தால் சக்கரத்தின் மேல்பகுதி லேசாக வெளியே சாய்ந்திருக்கும், குடும்பம் முழுவதும் ஏறினால் உள்ளே சாயும். இந்த ஆக்ஸில் நம் ஊர் ஆட்களுக்குப் பிடிக்காமல்தான் அதே கம்பெனியின் பின்னால் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் சாதாரண ஆக்ஸிலுக்கு மாறினார்கள். கிட்டில் சக்கரம் நேராக நிற்கும்படி கம்பி இருக்கும், அதை வெட்டி ஒரு மயிரிழை சாய்த்து ஒட்டினால் பழைய ஹெரால்டைப் பார்த்தவர்கள் எதுவென்று சொல்லத் தெரியாமலே வண்டியை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

செலவைப் பொறுத்தவரை கிட்டைவிடக் கருவிக்குத்தான் முதலில் அதிகம் போகும். ஏர்பிரஷும் சின்ன கம்ப்ரஸரும் பெரிய தொகை, முதல் கிட்டுக்கு வேண்டாம், ஸ்ப்ரே டப்பாவிலேயே பழகுங்கள். வெளிநாட்டிலிருந்து நேராக ஆர்டர் போட்டால் தபாலும் சுங்க வரியும் சேர்ந்து கிட் விலையையே தொட்டுவிடும், இந்தியாவில் விற்பவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பையனுக்குப் பிளேடு, தின்னர், ஸ்ப்ரே மூன்றும் கிடையாது. வாட்டர் பேப்பர் தேய்ப்பது, சீட்டுக்குப் பிரஷில் கலர் அடிப்பது, பிளேட் எழுதுவது, இவை தாராளம்.

முடிந்தபின் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள், வெயில் நேராக விழாத இடமாகப் பாருங்கள். சில கிட்களில் டயர் மெத்தென்ற வினைலில் இருக்கும். அதிலிருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும், நம் ஊர்ச் சூட்டில் இன்னும் சீக்கிரம். அப்படிப்பட்ட டயரானால் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே ஃபெவிக்காலை ஒரு பூச்சுப் பூசிக் காயவிட்டு மாட்டுங்கள், பெட்டியின் அடித்தட்டும் பிளாஸ்டிக்காக இல்லாமல் மரமாக இருக்கட்டும்.